பழைய கேம் ஆட பழைய கம்ப்யூட்டர் வேண்டுமா? ஒரு வண்ணாரப்பேட்டை அனுபவம்

பழைய கேம் ஆட ஆசை வந்ததும் பலர் முதலில் மிஷினைத் தேடித்தான் கிளம்புகிறார்கள். 90-களின் 486 கம்ப்யூட்டர் கிடைக்குமா, பிக்சர் டியூப் மானிட்டர் கிடைக்குமா, கேசட் போடுகிற வீடியோ கேம் எங்கேயாவது இருக்குமா என்று அலைகிறார்கள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனும் அப்படித்தான் வந்தான். "அக்கா, நீங்கதான் பழைய கம்ப்யூட்டர்லாம் வெச்சிருக்கீங்களே, எனக்கும் ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்றான். என்ன கேம் ஆடப் போகிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம்தான்" என்றான்.

எல்லாமும் ஆட வேண்டும் என்றால் எமுலேட்டர் போதும், அதாவது இன்றைய கம்ப்யூட்டரைப் பழைய மிஷின் போல நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர். ஒன்றிரண்டு கேம்தான், ஆனால் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றால் மட்டும் பழைய மிஷின். இரண்டையும் பல வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறேன். கடல் காற்று அடிக்கிற வட சென்னையில் ஒரு பழைய மிஷினை உயிரோடு வைத்திருப்பது என்ன வேலை என்று தெரியும். அதனால்தான் அவனுக்கு உடனே ஒன்று வாங்கித் தரவில்லை.

என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். 90-களில் டைப்ரைட்டர்களுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. காலையில் லோயர், ஹையர் பிள்ளைகள். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு: விண்டோஸுக்கு முன் இருந்த டாஸ், லோட்டஸ், வேர்ட்ஸ்டார். வகுப்பு முடிந்து அப்பா கதவைச் சாத்துவதற்குள் கிடைக்கிற நேரம் எங்களுக்கு. நானும் தம்பியும் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டேஞ்சரஸ் டேவ் என்று மாறி மாறி ஆடுவோம். இன்ஸ்டிட்யூட் மூடிய பிறகு ஒரு 486-ம் ஒரு டியூப் மானிட்டரும் வீட்டுக்கு வந்தன. மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போனது.

நம்மூரில் 'பழைய கம்ப்யூட்டர் கேம்' என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கமடோர், அமிகா, ஸ்பெக்ட்ரம் என்று 80-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களை நினைத்து உருகுவார்கள். இந்தியாவிலும் அந்தத் தலைமுறை மிஷின்கள் இருந்தன. 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்கிற அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்தது. ஸ்பெக்ட்ரத்தை டெசிபெல்ஸ் என்கிற நிறுவனம் இங்கேயே விற்றது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் வீட்டில் பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் ஆடியது இரண்டு இடத்தில். ஒன்று கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பிசி. இன்னொன்று டிவியில் மாட்டுகிற, மஞ்சள் கேசட் போடுகிற வீடியோ கேம். பர்மா பஜாரில் வாங்கி வந்த அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் மிஷினைப் பார்த்துச் செய்த நகல்கள். ஆகவே நீங்கள் தேடுவது உங்கள் நினைவில் இருக்கும் கேமா, வேறு யாரோ ஒருவருடைய நினைவா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். ஸ்பெக்ட்ரமை ஆசைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எமுலேட்டரே தாராளம். அதன் ரோமை (ROM, மிஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் புரோகிராம்) எமுலேட்டரோடு சேர்த்துத் தருவதற்கு அன்றைய உரிமையாளரான ஆம்ஸ்ட்ராட் 1999-லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

செலவே இல்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015-ல் இருந்து ஆயிரக்கணக்கான டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஆட வைக்கிறது. நினைவில் இருக்கிற கேமை அங்கே தேடி ஆடுங்கள். பத்து நிமிஷத்தில் ஆசை தீர்ந்துவிட்டால் நல்லது, காசு மிச்சம். மறுநாளும் கை பரபரத்தால் டாஸ் கேம்களுக்கான எமுலேட்டரான டாஸ்பாக்ஸ் போடுங்கள்.

டாஸ்பாக்ஸ் போட்டதும் வருகிற முதல் புகார், "கேம் கண்ணு மண்ணு தெரியாம ஓடுது" அல்லது "ஆமை மாதிரி நகருது." இதற்குக் காரணம் கேமிலேயே இருக்கிறது. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் கேம் எழுதிய பலர், எல்லா மிஷினும் அதே வேகத்தில் ஓடும் என்று நம்பி, நேரத்தைக் கடிகாரத்தில் அளக்காமல் பிராசசர் வேகத்தை வைத்தே அளந்தார்கள். வேகமான மிஷின் வந்ததும் கேமும் பறந்தது. 286, 386, 486 பெட்டிகளில் டர்போ பட்டன் என்று ஒன்று இருந்ததே, அது இருந்தது இதற்காகத்தான். பெயர்தான் டர்போ, எங்களுக்குப் பயன்பட்டது மிஷினின் வேகத்தைக் குறைக்க. டாஸ்பாக்ஸில் அதே வேலையை கண்ட்ரோலோடு எஃப்11, எஃப்12 செய்யும். எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். ஆடிக்கொண்டே அழுத்தி, உங்கள் கைக்குப் பழகிய வேகம் வந்ததும் அந்த எண்ணை செட்டிங்ஸில் எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் தனி செட்டிங்ஸ் ஃபைல் வைத்துக்கொள்வது ரொம்ப சௌகரியம். இந்த விஷயத்தில் எமுலேட்டர் என் 486-ஐ விட மேல். 486-ல் டர்போவை அணைத்தாலும் சில பழைய கேம்கள் வேகமாகத்தான் ஓடும். டாஸ்பாக்ஸில் எந்த வேகத்துக்கும் இறக்கலாம்.

அடுத்தது படம். விஜிஏ என்கிற அந்தக் காலத்து டிஸ்ப்ளே முறைக்கு எழுதிய பழைய கேம்கள் பெரும்பாலும் 320-க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. டியூப் மானிட்டர் அதை 4-க்கு 3 என்கிற அளவில் இழுத்து நிரப்பும். அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தை விடக் கொஞ்சம் உயரமாகத் தெரியும். இன்றைய திரையில் அப்படியே போட்டால் ஆட்கள் எல்லாம் குண்டாகவும் குள்ளமாகவும் நிற்பார்கள், வட்டம் முட்டையாகிவிடும். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் என்கிற செட்டிங்கை ஆன் செய்தால் சரியாகிவிடும். "எமுலேட்டர்ல பார்த்தா என்னமோ இடிக்குது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒன்று போதும்.

கேசட் வீடியோ கேமில் இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று உண்டு. ஃபேமிகாம் ஜப்பானில் பிறந்தது. அங்கே டிவி விநாடிக்கு 60 முறை படம் மாற்றும். நம்மூர் டிவி பால் முறை, 50 முறை. நம் டிவிக்கென்று செய்த நகல் பெட்டிகளில் பல கேம்கள் அசலை விட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின, பாட்டும் சேர்ந்து மெதுவானது. எமுலேட்டர் சும்மா போட்டால் 60-ல் ஓட்டும். என் தம்பி முதல் தடவை கேட்டதும், "பாட்டு இப்படி ஓடாதே" என்று முகத்தைச் சுளித்தான். ஃப்ஸியூக்ஸ், மெசென் போன்ற எமுலேட்டர்களில் ரீஜன் என்கிற இடத்தில் 'டென்டி' என்று ஒன்று இருக்கும். ரஷ்யாவில் இதே மாதிரி விற்ற நகல் பெட்டியின் பெயர் அது. அதைத் தேர்ந்தெடுத்தேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டான்.

சரி, இப்போது அசல் மிஷின்.

பழைய 386, 486 மதர்போர்டு கையில் வந்தால், கரண்ட் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து கீபோர்டு மாட்டுகிற மூலையைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில், சுண்டுவிரல் தடிமனில் நீலமாகவோ பச்சையாகவோ உறை போட்ட குட்டி உருளை ஒன்று போர்டிலேயே பற்றவைத்திருக்கும். நிக்கல் காட்மியம் பேட்டரி, 3.6 வோல்ட். தேதியையும், மிஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற பயாஸ் புரோகிராமின் செட்டிங்கையும் நினைவில் வைக்க அது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் ஒழுகும். எங்கள் 486-ல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பொடி பூத்து, பக்கத்துச் செம்புக் கோடுகள் மயில்துத்தம் போலப் பச்சையாகியிருந்தன. கீபோர்டு சிப்பின் கால்கள் கருத்திருந்தன. ஒழுகியது காரம், ஆகவே அதை முறிக்க அமிலம் வேண்டும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகரைத் தொட்டு நுரைப்பது நிற்கும் வரை தேய்த்தேன். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விட்டேன். அறுந்திருந்த கோடுகளுக்கு மெல்லிய ஒயர் வைத்து சால்டர் அடித்துக் கொடுத்தது செல்போன் சர்வீஸ் செய்கிற ஒரு தம்பி. அவ்வளவு சின்ன இடத்தில் வேலை செய்ய அவர்களுக்குத்தான் கை வரும். புதுப் பேட்டரியைப் போர்டில் வைக்கவே வேண்டாம். பெரும்பாலான போர்டுகளில் வெளியே இருந்து பேட்டரி மாட்ட 4 பின் இருக்கும். ஒயர் இழுத்து, பெட்டியின் ஓரத்தில் பேட்டரி ஹோல்டரை ஒட்டிவிட்டால் நாளைக்கு ஒழுகினாலும் போர்டு தப்பிக்கும்.

பவர் சப்ளை விஷயத்தில் விளையாட்டே கூடாது. அந்தக் காலத்து ஏடி பவர் சப்ளையில் இருந்து மதர்போர்டுக்கு பி8, பி9 என்று இரண்டு தனித்தனி கனெக்டர் வரும். மாற்றி மாட்டினாலும் உள்ளே போய்விடும், ஆனால் போர்டு போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் எல்லாம் நடுவில் சேர வேண்டும். அதுதான் அடையாளம். பின்னால் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, அந்தப் பெட்டிகளில் முன்பக்கத்து ஆன்-ஆஃப் பட்டனுக்கே நேராக வீட்டுக் கரண்ட் வரும். இன்றைய கம்ப்யூட்டர் மாதிரி நினைத்து, பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

வட சென்னையில் இதற்கெல்லாம் மேலே காற்று என்று ஒன்று இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். உப்பும் ஈரமும் ராம் ஸ்லாட்டிலும் கேசட்டின் பல்லிலும் படிந்து கான்டாக்ட் போகும். ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டுவது இன்றைக்கும் எல்லா சர்வீஸ் கடையிலும் செய்கிற வைத்தியம்தான். கேசட்டை வாயால் ஊதுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எச்சில் ஈரம் செம்பை இன்னும் அரிக்கும். மிஷினை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போர்த்துங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். ஓடுகிற சூட்டில் ஈரம் போகும். வாங்கி வைத்து அழகு பார்க்கிற ஆசை மட்டும் இருந்தால் இந்தப் பகுதியில் மிஷின் தாங்காது.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீரையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மானிட்டர் கனமானது. அவசரத்தில் தூக்கி மேலே வைக்க முடியாது. வைக்கிற இடத்தை முதலிலேயே உயரத்தில் தேர்ந்தெடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் பழைய கேமராக்களில் போடுகிற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை, ஹார்ட் டிஸ்க் கேபிளில் மாட்டுகிற ஒரு ஐடிஇ அடாப்டரில் போட்டு மாட்டிவிடலாம். சத்தம் இல்லை, சூடு இல்லை. பழைய 486 பயாஸ்கள் பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் டிஸ்க் இருப்பதே தெரியாது. 512 எம்பி என்று போட்ட கார்டு பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். ஃப்ளாப்பி டிரைவ் போய்விட்டால் கோட்டெக் என்கிற பெட்டி அதே இடத்தில் உட்காரும், பென் டிரைவில் இருந்து ஃப்ளாப்பி இமேஜ்களைப் படிக்கும். இதையெல்லாம் மாட்டிய பிறகு இது அசல் மிஷின்தானா என்று சிலர் கேட்பார்கள். கேம் அதே பிராசசரில், அதே சவுண்ட் கார்டில், அதே கீபோர்டில் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சில விஷயங்கள் இன்றைய திரையில் ஓடுகிற எமுலேட்டரில் சரியாக வராது. முதலாவது பிக்சர் டியூப். அதில் படம் கோடு கோடாக உடனுக்குடன் விழுகிறது. பட்டன் அழுத்தினால் கை அசைவுக்கும் திரைக்கும் இடையில் நமக்குத் தெரிகிற தாமதம் இல்லை. இன்றைய எல்இடி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். பிரின்ஸ் பள்ளத்தைத் தாண்டும்போது அந்தத் தாமதம்தான் அவனைக் கீழே தள்ளுகிறது. (டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், நிறையக் குறையும்.) விஜிஏவில் அந்த 320-க்கு 200 படம் விநாடிக்கு 70 முறை மாறும். 60-ல் ஓடுகிற இன்றைய திரையில் நகர்கிற காட்சி லேசாகத் தத்தும். டியூபில் வழுக்கிக்கொண்டு போகும். கேசட் வீடியோ கேமில் வாத்து சுடுகிற துப்பாக்கி இருக்கிறதே, அது டியூபின் வெளிச்சத்தை நம்பியே செய்தது. எல்இடி டிவிக்கு முன்னால் அந்தப் பழைய துப்பாக்கியை எப்படிப் பிடித்தாலும் சுடாது.

இரண்டாவது, விண்டோஸ் 98 காலத்து 3டி கேம்கள். 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் பென்டியம் மிஷினை, அந்தக் காலத்து 3டி கிராபிக்ஸ் கார்டான வூடூவோடு அப்படியே நகல் செய்யும், ஆனால் அதற்கு உங்கள் கம்ப்யூட்டர் நல்ல வேகமானதாக இருக்க வேண்டும். ஒரு பென்டியம் 3 பெட்டி இன்னும் கிடைக்கிறது, அதில் இருப்பது காசு போல வட்டமான பேட்டரிதான், ஒழுகும் பயம் இல்லை. ஆனால் 2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்கள் நிறைய உண்டு. தலை தட்டையாக இருந்தால் சரி. உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். இந்த ஒரு காலகட்டத்துக்கு மட்டும் எமுலேட்டரை விட அசலையே தேடச் சொல்வேன்.

டியூபுக்கு உள்ளே மட்டும் நீங்களே போகாதீர்கள். எங்கள் மானிட்டரில் படம் சுருங்க ஆரம்பித்தபோது மூலக்கொத்தளம் பக்கம் பழைய டிவி பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். பின் மூடியைக் கழற்றுவதற்கு முன் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். "ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்டு நிக்கும்மா. தெரியாம கைய வெச்சா தூக்கி அடிச்சிரும்." ஒரு நீள ஸ்க்ரூடிரைவரில் ஒயர் சுற்றி, மறுமுனையை டியூபின் வெளி எர்த்தில் மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் விட்டார். 'டப்' என்று பொறி பறந்தது. கலர் டியூபில் அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எல்.ஓ.டி. (டியூபுக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) போயிருந்தால் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். நல்ல வேளை, இரண்டு கெப்பாசிட்டரோடு வேலை முடிந்தது. டியூப் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் வாங்குவதை விட அது முக்கியம்.

இரண்டையும் வைத்திருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நாம் ஏங்குவது அந்தப் பெட்டிக்காக இல்லை, பெரும்பாலும் அந்தத் திரைக்காகத்தான். 486-ஐ எல்இடி மானிட்டரில் மாட்டி ஆடினேன், மனசு ஒட்டவில்லை. ஆபீஸ்களில் கழித்துக் கட்டுகிற பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸ் போட்டு அதே டியூப் மானிட்டரில் மாட்டினேன், சின்ன வயசு திரும்பி வந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் விஜிஏ போர்ட் இருப்பதால் நடுவில் எந்த அடாப்டரும் வேண்டாம். தம்பி வீட்டில் ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரின் ஏவி அவுட்டை ஒரு பழைய டியூப் டிவியில் கொடுத்து கேசட் கேம்களை ஆடுகிறான். செலவும் பராமரிப்பும் குறைவு, கரண்ட் போனாலும் எமுலேட்டரில் சேவ் செய்த இடத்தில் இருந்து தொடரலாம். கொஞ்சம் காசு இருந்தால் நான் முதலில் வாங்கச் சொல்வது நல்ல டியூப் ஒன்றைத்தான்.

கேம்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் நேர்மையாக இருப்பது நல்லது. பல பழைய கேம்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஜிஓஜி தளம் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கிறது, செட்டிங்ஸ் தொல்லையும் மிச்சம். உங்களிடம் சொந்தமாக வாங்கிய டிஸ்க் இருந்தால், தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்க நகல் எடுத்துக்கொள்ள நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவே இடம் தருகிறது.

அந்த நகலைத் தள்ளிப்போடாதீர்கள். நம்மூர் ஈரத்தில் ஃப்ளாப்பியின் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஷட்டரை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள், வெண்புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், டிரைவின் ஹெட்டும் சேர்ந்து கெடும். சுத்தமாக இருக்கிற 3.5 இன்ச் டிஸ்க்குகளை ஒரு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் படித்து இமேஜாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. 5.25 இன்ச்சுக்குப் பழைய டிரைவும், அதை யுஎஸ்பியில் மாட்ட கிரீஸ்வீசில் என்கிற குட்டி போர்டும் வேண்டும். இன்ஸ்டிட்யூட் டிஸ்க்குகளை நான் எடுத்தபோது கேம்களோடு அப்பாவின் வேர்ட்ஸ்டார் கடிதங்களும் வந்தன.

பக்கத்துத் தெருப் பையனுக்கு இப்போதைக்கு டாஸ்பாக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எதைத் திரும்பத் திரும்ப ஆடுகிறான் என்று பார்த்துவிட்டு டியூப் தேடலாம் என்று சொல்லியிருக்கிறேன். தேடப் போகும்போது இரண்டு விஷயம்: கடையில் மானிட்டரை அரை மணி நேரமாவது ஓட விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூடான பிறகுதான் பல டியூப்களில் படம் சுருங்கும், கலர் மாறும். வெள்ளைத் திரை போட்டு நான்கு மூலையையும் பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.